திண்ணையில் பாதிப் பள்ளிக்கூடம்

2021 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் கொரோனாவால் மூடியிருந்த ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தபோது, எங்கள் ஊரில் பிள்ளைகள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பள்ளிக்குப் போனார்கள். மற்ற நாளில் கல்வித் தொலைக்காட்சி, கரண்ட் இருந்தால். கொஞ்ச நாளில் சாயங்காலங்களில் என் வீட்டுத் திண்ணையும் வகுப்பானது. அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் அப்போது தன்னார்வலர் நான். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள்.

நாலாவது படிக்கிற ஒரு பையன் கழித்தலில் கடன் வாங்குவதையே மறந்திருந்தான். டிவி நன்றாகத்தான் சொல்லித்தரும். அவன் திருதிருவென விழிப்பது அதற்குத் தெரியாதே! பத்துப் பத்துப் புளியங்கொட்டையாகப் பொட்டலம் கட்டினேன். 32-இல் 17 போக வேண்டுமானால் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாக வேண்டும். மூன்றாம் நாள் அவனே பிரித்தான்.

அடுத்த பள்ளி நாள் முடிந்து ஓடிவந்தான்: "அக்கா, டீச்சர் பொட்டலமே இல்லாம போடுறாங்க!"