சின்னச் சொல் சேர்ந்தால் 'கால்' திசை மாறும்!

'கால்' என்றதும் நடக்கிற காலை நினைக்க வேண்டாம். இது இங்கிலீஷ் 'கால்'. கூப்பிடு என்று பொருள்.

இங்கிலீஷ் படிக்காதவர்கள் வாயிலும் இந்தச் சொல் புழங்குகிறது. "ஒரு மிஸ்டு கால் கொடுங்க" என்கிறார் காய்கறிக்காரர். வீட்டு வாசலில் 'காலிங் பெல்' இருக்கிறது. வெளியூரில் இருக்கும் பேரன் 'வீடியோ காலில்' பாட்டியோடு பேசுகிறான்.

இவ்வளவு பழகிய சொல்தான். ஆனால் அதன் பின்னால் ஒரு சின்னச் சொல் வந்து நின்றால் போதும், பொருள் மாறிவிடும். அது புரியாமல் கடிதத்தைப் படித்தால் வீடு மாறிப் போக நேரும். செய்தியைப் படித்தால், முடிந்துபோன வேலை நிறுத்தம் இன்னும் நடப்பதாக நினைக்க நேரும்.

கப்பலில் வந்த சொல்

'கால்' என்ற சொல்லின் வேர், வடக்கே நார்வே, டென்மார்க் பக்கத்து மக்களின் பழைய மொழியில் இருக்கிறது.

வைக்கிங்குகள் என்ற கடலோடிகள் அங்கிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு வந்தார்கள். 793-ம் ஆண்டு லிண்டிஸ்பார்ன் என்ற தீவில் இருந்த மடத்தைக் கொள்ளையிட்டார்கள். பிறகு பலர் இங்கிலாந்திலேயே குடியேறினார்கள்.

அவர்கள் மொழியில் 'கல்லா' என்றால் உரக்கக் கூப்பிடு என்று பொருள். கடையில் காசு போடும் கல்லாவுக்கும் இதற்கும் உறவு இல்லை. அந்தக் 'கல்லா'தான் இங்கிலீஷில் 'கால்' ஆக நிலைத்தது.

ஒன்பது நாள் வேலை நிறுத்தம்

சின்னச் சொல்லின் பலம் என்ன? 1926-ம் ஆண்டு பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்கவும், வேலை நேரத்தைக் கூட்டவும் முனைந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக மற்றத் தொழிலாளர்களையும் வேலையை விட்டு வெளியே வரும்படி தொழிற்சங்கத் தலைவர்கள் அழைத்தார்கள். இப்படி அழைப்பதற்கு இங்கிலீஷில் 'கால் அவுட்' என்று பெயர். மே 3-ந் தேதி நள்ளிரவில் வேலை நிறுத்தம் தொடங்கியது. 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பெரும்பாலான ரெயில்கள் ஓடவில்லை. பெரும்பாலான பஸ்களும் ஓடவில்லை.

மே 12-ந் தேதி தலைவர்கள் வேலை நிறுத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் 'கால் ஆஃப்'. மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் பல மாதங்கள் போராடித் தோற்றார்கள்.

'கால் அவுட்' என்றால் வெளியே வா. 'கால் ஆஃப்' என்றால் விட்டுவிடு. இரண்டிலும் இருப்பது அதே 'கால்'. வேறுபாடு பின்னால் நிற்கும் சின்னச் சொல்லில்தான்.

இன்னும் சில

'கால் ஃபார்' என்றால் வேண்டும் என்று கேட்பது. அலுவலகத்தில் மேலதிகாரி ஊழியரிடம் விளக்கம் கேட்பதும் 'கால் ஃபார்'தான். ஆனால் "ஆறு மணிக்கு உன்னைக் கால் ஃபார் செய்கிறேன்" என்று இங்கிலீஷில் நண்பர் எழுதினால் பயப்பட வேண்டாம். "ஆறு மணிக்கு வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன்" என்று பொருள்.

'கால் இன்' என்றால் உதவிக்கு வரவழைப்பது. நோய் முற்றினால் டாக்டரைக் 'கால் இன்' செய்வார்கள்.

'கால் அப்' என்றால் டெலிபோனில் கூப்பிடுவது. அதே 'கால் அப்' பட்டாளத்தில் சேர அழைப்பதும் ஆகும். 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டனில் 18 வயது முதல் 41 வயது வரை உள்ள ஆண்களைப் பட்டாளத்துக்கு அழைக்கச் சட்டம் வந்தது. அந்த அழைப்புக் கடிதம் வந்த வீட்டில், 'கால் அப்' என்பது தாயின் வயிற்றில் நெருப்பைக் கட்டிய சொல்.

தமிழிலும் உண்டு

"ஏன் இப்படிக் குழப்புகிறார்கள்?" என்று கேட்கலாம். நாமும் இதைத்தான் செய்கிறோம்.

"தம்பியோடு பேசினான்" என்றால் உரையாடினான். "தம்பிக்காகப் பேசினான்" என்றால் பரிந்து பேசினான். "தம்பியைப் பேசினான்" என்றால் திட்டினான்! பேசினான் என்ற சொல் மாறவில்லை. தம்பியின் வாலில் ஒட்டிய உருபுதான் மாறியது.

தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இங்கிலீஷில் அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும்.

இங்கிலீஷ் அகராதியை 1755-ல் வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இப்படிச் சேரும் வினைச் சொற்கள்தான் அயல்நாட்டாருக்குப் பெருந்தொல்லை என்று தமது முன்னுரையில் எழுதினார். ஆகவே, நம் பிள்ளைகள் இங்கே தடுமாறினால் அவர்களை மக்கு என்று திட்டக் கூடாது.

மறைந்து போகும் வீடு

இனி, வீடு மாறிப் போகும் கதைக்கு வருவோம்.

ஒருவரைப் போய்ப் பார்ப்பதற்கும் இங்கிலீஷில் 'கால்' உண்டு. ஆளைப் பார்ப்பது என்றால் 'கால் ஆன்'. இடத்துக்குப் போவது என்றால் 'கால் அட்'. பிரிட்டனில் ரெயில் எந்தெந்த ஊரில் நிற்கும் என்பதை அறிவிக்கும்போது 'காலிங் அட்' என்றுதான் தொடங்குகிறார்கள். ஊர் ஓர் இடம் அல்லவா?

மாமாவைப் போய்ப் பார் என்பதற்குக் 'கால் ஆன் அங்கிள்' என்று சொல்லலாம். மாமா வீட்டுக்குப் போ என்பதற்கோ 'கால் அட் அங்கிள்ஸ்' என்பார்கள். மாமா ஓர் ஆள்தானே, 'அட்' எப்படி வந்தது?

கடைசியில் உள்ள 'ஸ்' ஒலியைக் கவனியுங்கள். அது 'உடைய' என்று பொருள் தரும் உருபு. அங்கிள்ஸ் என்றால் மாமாவுடைய. மாமாவுடைய எது? வீடு. அந்த வீட்டைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் இதற்கு நேர் எதிர். நாம் 'மாமாவுடைய வீடு' என்பதைச் சுருக்கி 'மாமா வீடு' என்கிறோம். உருபு மறைகிறது, வீடு நிற்கிறது. இங்கிலீஷில் வீடு மறைகிறது, உருபு நிற்கிறது.

மாமா ஊரில் இல்லாவிட்டாலும் 'அங்கிள்ஸ்' போகலாம். அத்தை காபி கொடுப்பாள். ஆனால் 'கால் ஆன் அங்கிள்' என்று எழுதியிருந்தால் மாமாவையே பார்த்தாக வேண்டும். அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போக வேண்டும்.

கடைகளும் இப்படித்தான்

டாக்டரின் வைத்திய சாலை 'டாக்டர்ஸ்'. முடி திருத்தும் நிலையம் 'பார்பர்ஸ்'. ரொட்டிக் கடை 'பேக்கர்ஸ்'.

லண்டனில் 1680-களில் எட்வர்டு லாயிட் என்பவர் காபிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் வியாபாரிகளும் அங்கே கூடுவார்கள். கப்பல் கவிழ்ந்தால் நஷ்டத்தை யார் ஏற்பது என்று பேரம் பேசுவார்கள். காபிக் கடை மறைந்து பல காலம் ஆகிவிட்டது. ஆனால் 'லாயிட்ஸ்' என்ற பெயரோடு உலகப் புகழ் பெற்ற இன்ஷூரன்ஸ் சந்தை இன்றும் நடக்கிறது.

சென்னையிலும் சான்று இருக்கிறது. 1844-ல் தோன்றிய 'ஹிக்கின்பாதம்ஸ்' புத்தகக் கடையின் பெயரில் உள்ள 'ஸ்' இதே 'ஸ்'தான். ஹிக்கின்பாதம் என்பவருடைய கடை என்று பொருள்.

காதுக்குத் தெரியாது

ஒரு சிக்கல். பல டாக்டர்கள் என்றாலும் 'டாக்டர்ஸ்'தான். காதுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தில்தான் வேறுபாடு தெரியும். 'உடைய' என்ற பொருள் வரும்போது, எழுத்துக்கு மேலே சின்னக் கொக்கி ஒன்று தொங்கும். அந்தக் கொக்கியைப் பார்க்காமல் படிக்கக் கூடாது.

மனு எழுதும்போதும் இது உதவும். 'கால் தி ஆபீசர்ஸ் அட்டென்ஷன் டு' என்றால், அதிகாரியுடைய கவனத்தை ஒரு விஷயத்தின் பக்கம் திருப்புவது. இதில் கொக்கியும் வேண்டும், கடைசியில் 'டு' என்ற சின்னச் சொல்லும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் வாக்கியம் நொண்டும்.

எப்படிப் படிப்பது?

'கால்' என்றால் கூப்பிடு என்று மட்டும் மனப்பாடம் செய்வதால் பயன் இல்லை. 'கால் ஆன் அங்கிள்', 'கால் அட் அங்கிள்ஸ்', 'கால் ஆஃப் தி ஸ்ட்ரைக்' என்று முழுதாகச் சேர்த்துச் சொல்லிப் பழக வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில் படிக்கும்போது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளுக்கு ஒன்றாக எழுதி வரட்டும். எதிரே தமிழ்ப் பொருளையும் எழுதட்டும். பத்து நாளில் பத்துக் 'கால்' சேரும். பிறகு 'லுக்', 'டேக்', 'கெட்' என்ற சொற்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் பின்னாலும் இந்தச் சின்னச் சொற்கள் வரிசையில் நிற்கின்றன.