எதிரியின் ஏட்டில் சின்ன மருது

காரைக்குடியை அடுத்த சிறுவயல், சிவகங்கைச் சீமையின் தலைவர் சின்ன மருதுவின் ஊர். 1795-இல் அவரோடு பழகிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றார். 1801-இல் அதே வெல்ஷ் அவருக்கெதிரான படையில் வந்தார்.

1830-இல் லண்டனில் வெளியான தம் நினைவுக்குறிப்புகளில், எவரும் தடையின்றிச் சென்று காணக்கூடிய, கனிவான தலைவராகவே மருதுவைக் காட்டுகிறார் வெல்ஷ். தொடையில் காயத்தோடு பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டதை வருத்தத்தோடு எழுதுகிறார். இதேபோல் எதிரியை மதித்து, ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும், ரோமப் படைகளை அழித்த அர்மினியஸை ஜெர்மானியரின் விடுதலை வீரன் என்றே போற்றினார்.

அர்மினியஸின் சொந்தச் சொல் எதுவும் எழுத்தில் எஞ்சவில்லை. மருதுவின் சொல் இருக்கிறது: 1801 ஜூன் 16 தேதியிட்டு, திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கை. எல்லாச் சாதியாரும் ஒன்றுசேர்ந்து கம்பெனியை எதிர்க்க அழைக்கிறது அது.