புதுவீட்டுக்குக் காற்று எந்த வழியால் வரும்?

தகரக் கொட்டிலில் ஆண்டுக்கணக்காகப் புழுங்கிய குடும்பத்துக்குக் கல்வீடு என்றதும் நினைவில் நிற்பவை சுவரும் கூரையுமே. காற்றுக்கு வழிவிடும் எண்ணம் கடைசியில்தான் வருகிறது; அதற்குள் காசு முடிந்துவிடுகிறது. இந்திய வீட்டுத் திட்டத்தில் 2012 முதல் வன்னியில் கட்டப்பட்ட வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி. கல், சீமெந்து, கூலி என்று பணம் போக, யன்னல் நிலைக்கு மிஞ்சாமல் அந்த இடத்தைத் தகரத்தால் அடைத்த வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

காசு மட்டும் காரணமல்ல. பிள்ளைகளுடன் தனித்திருக்கும் ஒரு தாய் எம்மிடம், "யன்னல் வைச்சா இரவிலை நித்திரை வராது, சுவாமி" என்றார். அந்தப் பயத்தை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் அவருடைய கடைசிப் பிள்ளைக்கு இழுப்பு. குசினிப் புகை வெளியேற வழியில்லாமல் படுக்கும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

வெங்காயச் செய்கையாளருக்கு நாம் காற்றோட்டத்தைப் படிப்பிக்க வேண்டியதில்லை. பிடி கட்டிய வெங்காயத்தை மூடிய அறையில் போட்டால் அழுகும் என்று தெரிந்துதானே காற்றுப்படத் தொங்கவிடுகிறீர்கள்? வீட்டுக்கும் அதே கணக்குத்தான். ஒரு பக்கத்தில் மாத்திரம் யன்னல் வைத்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும். எதிர்ச்சுவரிலும் ஒரு வழி வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்தும் காற்று வருகிறது. அந்த இரு பக்கங்களையும் பார்த்து யன்னலை வையுங்கள். மாரிமழையும் வடகிழக்கால் அடிப்பதால் அந்தப் பக்கத்துத் தாழ்வாரத்தைச் சற்று நீட்டிவிடுங்கள்.

சூடான காற்று மேலே எழும். முகட்டுக்குக் கீழுள்ள முக்கோணச் சுவரில் இருபுறமும் துளைக்கல் பதித்தால் அது தானாகவே வெளியேறும். அவ்வளவு உயரத்தில் கள்ளன் கை வைக்கமாட்டான். இரவில் யன்னலைப் பூட்டினாலும் காற்று நிற்காது. மேற்சொன்ன தாய்க்கு நாம் சொன்ன வழி இதுதான். செலவும் யன்னலைவிட மிகக் குறைவு. மின்விசிறி உள்ளிருக்கும் சூட்டையே கலக்கிவிடும், வெளியே அனுப்பாது.

குசினியை முன்னோர் தென்கிழக்கில், அக்கினி மூலையில், வைத்தார்கள். சாத்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். தென்மேற்குக் காற்று அடித்தாலும் வடகிழக்குக் காற்று அடித்தாலும் அந்த மூலைப் புகை வீட்டுக்குள் புகாமல் ஒதுங்கிப் போகும். குசினிக்கும் அறைக்கும் இடைச்சுவரைக் கூரைவரை எழுப்பி, அடுப்புக்குப் புகைபோக்கியும் வையுங்கள்.

நுளம்புக்குப் பயந்து யன்னலைச் சாத்தாதீர்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டாலும் டெங்கு விட்டபாடில்லை, அந்த நுளம்பு பகலிலேயே கடிக்கும். யன்னலுக்கும் துளைக்கல்லுக்கும் வலை அடித்தால் போதும்.

கூரைக்குக் கூடியவரை ஓடு போடுங்கள். தகரம்தான் கைக்கெட்டும் என்றால் உட்புறம் கிடுகு கட்டினால் வெக்கை தணியும். அடுப்புக்கு மேலே மட்டும் அதைக் கட்டவேண்டாம். அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டும் தூசி சுவாசப்பைக்குக் கேடு.

இவற்றையெல்லாம் லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழுமுன் மேசனிடம் சொல்லிவிடுங்கள். பிறகு உடைத்து வைப்பதென்றால் அதற்கு வேறு கூலி.