ஒலிநாடா சேகரிப்பு

ஒலிநாடா சேகரிப்பு என்பது, வழக்கொழிந்துவிட்ட ஸ்பூல் டேப், கேசட் போன்ற காந்த நாடாக்களையும் அவற்றை இயக்கும் கருவிகளையும் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, கேட்டு மகிழும் பொழுதுபோக்கு ஆகும். தபால்தலை சேகரிப்பிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது. தபால்தலை ஒன்றுக்குப் பல படிகள் உண்டு. வீட்டிலோ கோயிலிலோ பதிவு செய்த நாடாவுக்கு வேறு படியே இல்லாமல் இருக்கலாம். எனவே மன்னார்குடி போன்ற காவிரிப் படுகை ஊர்களில் கிடைக்கும் நாடாக்களில், கடையில் விற்றவற்றைவிட வீட்டில் பதிந்தவையே அரியவை.

வடிவங்கள்

ஜெர்மனியைச் சேர்ந்த பிரிட்ஸ் புளோய்மர் 1928-இல் காந்த நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1935-இல் ஏஇஜி நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் மேக்னட்டோபோன் என்ற பதிவுக் கருவியை அறிமுகம் செய்தது. இதன் வழிவந்த ஸ்பூல் டேப் வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நெடுங்காலம் பயன்பட்டது.

பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு உருவாக்கிய கேசட் 1963-இல் வெளிவந்தது. ஸ்பூல் நாடாவின் அகலம் சுமார் 6.3 மி.மீ.; கேசட் நாடாவின் அகலம் 3.81 மி.மீ. மட்டுமே. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். 90 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 130 மீட்டர் நாடா இருக்கும். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது. எளிதில் சிக்கி அறும் என்பதால் சேகரிப்பாளர்கள் அதை விரும்புவதில்லை.

காவிரிப் படுகையில் ஒலிநாடா

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிட இசையே அடங்கும். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க வல்லவர் எனப் புகழ்பெற்றவர். அத்தகைய ஆலாபனையை இசைத்தட்டில் அடக்க இயலாது. நாடாவில் இந்தத் தடை பெரிதும் நீங்கியது. 7 அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடாவைச் சுற்றி, நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் ஓட்டினால், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பதியலாம். மூன்று மணி நேரக் கச்சேரியைப் பதிவு செய்யும்போது நாடாவைத் திருப்பவும் மாற்றவும் வேண்டும். பழைய பதிவுகள் சிலவற்றில் ஆலாபனை நடுவில் அறுபட்டு, வேறிடத்தில் தொடர்வதற்கு இது ஒரு காரணம்.

சுவாமி புறப்பாட்டில் நாகசுரக் கலைஞர்கள் வாசிக்கும் மல்லாரி, தெருவில் நடந்தபடி வாசிக்கப்படுவது. மன்னார்குடி இராஜகோபாலசுவாமி கோயிலின் பங்குனிப் பெருவிழா, வெண்ணெய்த்தாழி உற்சவம் போன்ற விழாக்களின் இசை மேடைக் கச்சேரியைப் போன்றதன்று. இத்தகைய வாசிப்பை யாராவது கையடக்கக் கருவியில் பதிந்திருந்தால், அந்த ஆண்டின் அந்த நாளுக்கு அதுவே சான்று.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் ‘டூ இன் ஒன்’ எனப்படும் வானொலியுடன் கூடிய டேப் ரிக்கார்டரை ஊருக்குக் கொண்டுவந்தனர். எழுதுவதற்குப் பதிலாகப் பேசிப் பதிந்த கேசட்டைக் கடிதம்போல் அனுப்பும் வழக்கமும் இருந்தது. கடைத்தெருக்களில் ‘ரிக்கார்டிங் சென்டர்’, ‘மியூசிக்கல்ஸ்’ என்ற பெயர்ப்பலகைகளுடன் கடைகள் தோன்றின. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். திரைப்படக் கதைவசனக் கேசட்டுகளுக்கும் வரவேற்பு இருந்தது. 1984-இல் வெளிவந்த ‘விதி’ படத்தின் வசனம் திருமண வீடுகளின் மைக் செட்டுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது.

நாடாவுக்கு வரும் கேடுகள்

பாலியெஸ்டர் பட்டையின் மேல், பிசின் கலந்த இரும்பு ஆக்சைடுத் துகள் பூசப்பட்டிருக்கும். ஒலி பதிவது அத்துகளில்தான். ஈரப்பதம் மிகுந்த படுகைப் பகுதியில், ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் நாடாவின் ஓரத்தில் வெண்மையாகப் பூஞ்சை படர்வதுண்டு. பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் கருவியின் ஹெட்டிலும் அது ஒட்டி, அடுத்த நாடாவுக்கும் பரவும். சில வகை நாடாக்களில் பிசின் ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுப்பாகி, ஹெட்டில் உரசும்போது துகளே உதிர்ந்துவிடும். உதிர்ந்த துகளுடன் ஒலியும் போய்விடும்.

கேசட்டின் உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழுவதுண்டு. திருகாணியால் பூட்டிய கேசட்டைத் திறந்து அதை மீண்டும் ஒட்டலாம். திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்ட கேசட்டாயின், நாடாவை எடுத்து வேறு கூட்டில் பொருத்த வேண்டும். டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தளரும் அல்லது உருகிக் கூழாகும்.

பாதுகாக்கும் முறை

* கேசட்டின் பின்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிட்டால், தவறுதலாக மேலே பதிந்து அழிக்க இயலாது.
* காந்தம் உள்ள ஒலிபெருக்கியின் அருகில் நாடாக்களை வைக்கக் கூடாது.
* கேசட்டுகளைப் பெட்டியில் நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.
* ஹெட்டையும் உருளையையும் அவ்வப்போது துடைக்க வேண்டும். ஹெட்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்ககால் ஏற்றது.
* அரிய நாடாவைச் சோதனைக்கு ஓட்டக் கூடாது. முதலில் வேறொரு கேசட்டை ஓட்டிக் கருவியைச் சோதிக்க வேண்டும்.
* பதிவு செய்த நாள், இடம், கலைஞர் பெயர்களை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். பெயரில்லாத நாடாவில் உள்ள குரல் யாருடையது என்பதைப் பிற்காலத்தில் கண்டறிவது கடினம்.

நாடாவைக் கணினிக்கு மாற்றும்போது, பொதுவாக அது ஓடும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். நூறு 90 நிமிடக் கேசட்டுகளுக்கு 150 மணி நேரம் ஆகும். எனவே எதை முதலில் மாற்றுவது என்ற தேர்வு தேவைப்படுகிறது. கடையில் விற்ற திரையிசைக் கேசட்டுகள் காத்திருக்கலாம். அவற்றின் பாடல்கள் பெரும்பாலும் வேறு வடிவங்களில் கிடைக்கின்றன. வீட்டுப் பதிவுகளும் கோயில் பதிவுகளும் குரல் கடிதங்களும் முதலில் மாற்றப்பட வேண்டியவை.

இன்றைய நிலை

சோனி நிறுவனம் 2010-இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனையை நிறுத்தியது. இன்றும் சில நாடுகளில் புதுக் கேசட்டுகள் குறைந்த அளவில் தயாராகின்றன. சென்னை மியூசிக் அகாதெமியில் கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்பதற்கான எண்ம ஒலிக் காப்பகம் உள்ளது. தனியார் வீடுகளின் பரண்களில் உள்ள நாடாக்கள் இத்தகைய காப்பகங்களுக்கு வெளியே இருப்பவை. அவற்றை ஓட்டத்தக்க கருவியும், பழுது நீக்கும் கையும் சேகரிப்பாளர்களிடமே பெரும்பாலும் எஞ்சியுள்ளன.