வள்ளத்தின் அகமும் புறமும்

மட்டக்களப்பு வாவிக் கரையிலே, கல்லடிப் பாலத்திலிருந்து நாவலடிப் பக்கமாக நடந்து செல்வோர் கண்ணாடியிழை வள்ளங்கள் பலவற்றைக் காண்பர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையை வாரிச் சென்றபின், மீனவர்க்கு உதவியாக வழங்கப்பட்டவை அவற்றுட் சில. கண்ணாடியிழை உளுக்காது, கறையான் அதனை அரிக்காது, ஆதலின் அதற்கு அழிவில்லை என்பது நம்மவர் நம்பிக்கை. அது முழுவதும் மெய்யன்று என்பதை, என் பழைய மாணாக்கர் ஒருவரின் வள்ளத்தினுள்ளே மண்டியிட்டுக் கழித்த ஒரு விடுமுறை எனக்குக் கற்பித்தது.

2022 ஓகஸ்ற் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, அவர் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய்மரம் நாட்டினார். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியிலே, கச்சான் வீசும் மாதங்களிற் பாய்க்குக் காற்றுப் பஞ்சமில்லை. ஆனால் பாய்மரம் தன் சுமையை அடியிலே இறக்கும். அவ்வடி ஊன்றிய தட்டோ மிதித்தால் மெத்தென்று அமிழ்ந்தது. “மேலே ஒரு பூச்சுப் பூசினாற் போதாதோ?” என்று அறிவுரை பகர்ந்தவன் நானே. பூசினோம். மாரி வந்தது, பூச்சுக் கொப்புளித்து, வெங்காயத் தோல்போல் உரிந்தது.

அடுத்த கச்சான் காலத்தில் முதியவரான ஓடாவி ஒருவரை அழைத்து வந்தோம். (ஓடாவி என்னும் சொல் படகு கட்டுவோனையும் தச்சனையும் குறிப்பது. நம் பிள்ளைகள் அதனை மறந்து வருகிறார்கள்.) அவர் பூச்சைப் பார்த்தாரல்லர். மடியிலிருந்து ஒரு நாணயக் குற்றியை எடுத்து, பிற்பலகையிலிருந்து அணியம்வரை தட்டிக்கொண்டே சென்றார். நல்ல இடம் கணீரென்றது. கெட்ட இடம் பொத்தென்றது. நிலாக்காலத்தே துடுப்பை நீரில் நாட்டி, அதன் நுனியிற் காதை வைத்து மீன்பாடல் கேட்கும் நாட்டிலே இவ்விதம் செவியால் நோய் அறிவது புதிதன்று. 1947 இல் யாழ் நூலை உலகுக்கு அளித்த விபுலாநந்த அடிகள், தாம் துயிலும் கல்லடியிலேயே இதனைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

மூன்று இடங்களிலே சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, “மேல பூசினா உள்ளுக்குக் கிடக்கிற தண்ணி எங்க போகும், வாத்தியார்? மறுகா அதுதானே வெளிய வரும்?” என்றார்.

காரணம் இது. வள்ளத்தை அச்சிலே வார்க்கும்போது அச்சினைத் தொடும் புறம் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சுப் பெற்று வழவழப்பாகும். அச்சைத் தொடாத அகமோ இழை தெரியச் சொரசொரப்பாய் நின்று, உப்பையும் மீன்நெய்யையும் பற்றிக்கொள்ளும். வலிமைக்காகப் பிற்பலகையிலும் தட்டின் கீழும் மரம் வைத்துப் பிசினால் மூடிவிடுவர். ஆணித்துளை ஒன்று அடைபடாதிருந்தாற் போதும்; அதன்வழி நீர் புகும். திறந்த மரம் வெயிலிற் காயும். சிறைப்பட்ட மரம் எங்ஙனம் காயும்? புறம் மின்னிக்கொண்டிருக்க, அகம் இற்றுப்போகும்.

முதலிற் சவர்க்காரமும் நன்னீரும் கொண்டு கழுவினோம். கழுவாமல் அரத்தாள் தேய்த்தால் நெய்ப்பசை இழைக்குள் இறங்கிவிடுமாம். பின்னர் முகமூடி அணிந்து சுரண்டினோம். அத்தூள் நுண்ணிய கண்ணாடி. என் முழங்கையில் இரண்டு நாள் தினவு தீரவில்லை. வட்டமிட்ட இடங்களை அறுத்துத் திறந்தபோது, உள்ளிருந்த பலகை ஊறிய தேயிலைச் சக்கையாய்க் கையில் வந்தது.

அதன்பின் காத்திருத்தலே வேலை. உட்புறத்திலே பொலித்தீன் தாளொன்றை விளிம்பெல்லாம் ஒட்டி இரவு முழுதும் விட்டோம். காலையில் அதன் அடியில் நீர்முத்துக்கள் அரும்பியிருந்தால் ஈரம் இன்னும் உண்டென்று பொருள். பதினொரு காலை அரும்பின. பன்னிரண்டாம் காலை தாள் வறண்டிருந்தது. மாணாக்கரைத் திருத்துவதில் எனக்குள்ள பொறுமை, பூச்சு விடயத்தில் மட்டும் ஏன் இல்லாது போயிற்றோ!

புதுப்பலகை வைத்து, இழைப்பாய் விரித்துப் பிசின் ஊட்டினோம். பிசினை இறுக்கும் ஊக்கி நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே சேரலாம். மிகுந்தாற் சூடேறி வெடிக்கும். சாதாரணப் பொலியெஸ்ரர் பிசின் காற்றுப்படும் மேற்பரப்பிற் பிசுபிசுத்தே நிற்குமாதலால், இறுதிப் பூச்சிலே மெழுகு கலந்தது சேர்த்தார் ஓடாவி. நீலவண்ணம் வேண்டுமென்றார் மாணாக்கர். வெள்ளையே பூசினார் அவர். புதிய கசிவும் அழுக்கும் அதிலேதான் உடனே தெரியுமாம். தட்டிலே திறந்து மூடத்தக்க ஒரு வாயிலும் வைத்தார். கரையில் நிற்கும்போது அது திறந்தே கிடக்கிறது.

வள்ளம் இப்போது வாவியிற் பாய்விரித்து ஓடுகிறது. மாணாக்கரின் மகன் பள்ளிக்கு வரும் வழியிலே, கரையேற்றிய வள்ளங்களின் பிற்பலகைகளையெல்லாம் ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே வருகிறான். மூன்று வள்ளங்கள் பொத்தென்றதாக நேற்று என்னிடம் வந்து சொன்னான்.