உங்களுக்குத் தெரியுமா? மரத்தைத் தேடி வரும் ரம்பம்

சிவகாசித் தீக்குச்சியை ரம்பம் அறுப்பதில்லை. தடியைக் குட்டைத் துண்டுகளாகப் போடுவதோடு ரம்பத்தின் வேலை முடிந்துவிடும். பிறகு துண்டைச் சுழலவிட்டு, நீளக் கத்தியால் பாய்ச்சுருளைப் பிரிப்பதுபோல் உரிப்பார்கள். அந்த மெல்லிய தகட்டை நறுக்கினால் குச்சி. மரத்தூளாக வீணாவது மிகக் குறைவு. இந்த வேலைக்கு ஏற்றது என்பதால்தான் பெருமரத்துக்குத் ‘தீக்குச்சி மரம்’ என்றும் பெயர் வந்தது.

★

பலகை அறுக்கும்போது கதையே வேறு. ரம்பம் போகும் வழியெல்லாம் மரம் தூளாகிறது. வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டரைத் தின்னும். சக்கரத்தில் ஏற்றி ஊருக்கு ஊர் இழுத்துச் செல்லும் சிறிய பேண்ட்சா மில்லின் பட்டை ரம்பம் சுமார் 1 மில்லிமீட்டர் கனம்தான். பல் விரிப்பையும் சேர்த்தால் அறுப்புத் தடம் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஓரடி கனமுள்ள சதுரக் கட்டையை ஓர் அங்குலப் பலகைகளாக அறுத்துப் பாருங்கள். வட்ட ரம்பத்தில் 9 பலகை, பட்டை ரம்பத்தில் 11. வீட்டில் விழுந்த ஒரே வேப்பமரத்தை அறுக்க நினைப்பவருக்கு அந்த இரண்டு பலகை ஓர் அலமாரித் தட்டு.

★

நம் சாமில்களில் ரம்பம் நின்ற இடத்தில் நிற்கும். தடியை டிராலியில் ஏற்றித் தள்ளுவார்கள். நடமாடும் மில்லில் தடி அசையாது, ரம்பம்தான் தண்டவாளத்தில் நகர்ந்து வரும். டன் கணக்கில் எடையுள்ள வாகையைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்ற வழியில்லாமல் விறகாக வெட்டிப் போட்டதை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்! இந்த மில்லைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விடலாம். இரண்டு ஆள் போதும்.

★

பட்டை ரம்பத்துக்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்றது 1809இல். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் அறுந்துபோகாமல் ஒட்டவைக்க அன்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு வழி கண்டவர் பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பன் என்ற பெண்மணி, 1846இல். நடமாடும் மில்லுக்குப் பேர்போன வுட்மைசர் நிறுவனம் அமெரிக்காவின் இண்டியானாவில் 1982இல் தொடங்கியது. இன்று பெங்களூரிலும் இருக்கிறது.

★

டேப்பால் தடியின் சுற்றளவை எடுத்து, நாலாக மடித்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையில் அந்த உருளையில் இருப்பது 12.7 கன அடிக்கு மேல். ஏமாற்று வேலை இல்லை இது. மரப்பட்டையோடு போகும் புறப்பலகைக்கும் தூளுக்குமான கழிவு. எட்வர்ட் ஹாப்பஸ் 1736இல் அச்சிட்ட அளவைப் புத்தகத்தால் பரவிய கணக்கு. விற்பவர், வாங்குபவர் இருவருமே இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

★

மில்லுக்குச் சக்கரம் இருப்பதால் சட்டம் தொடராது என்று எண்ண வேண்டாம். கூடலூர் காடுகள் அழிவதைக் கண்டு நிலம்பூர் கோவிலக அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஒரு வழக்கு நாடு முழுவதும் உள்ள மர ஆலைகளைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2016 முதல் மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மாநில அளவிலான குழு மர ஆலைகளைப் பார்க்கிறது. இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுமுன் மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். திருவில்லிபுத்தூர், ராசபாளையம் பக்கம் புலிகள் காப்பகமே இருக்கிறது. அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

★

சாலையோர வேம்பில் விளம்பரத் தட்டி அடிக்கிறார்களே, அந்த ஆணி மரத்துக்குள் புதைந்து பல வருடம் கிடக்கும். ஓடும் பட்டை அதில் பட்டால் பல் போகும், பட்டையே அறுந்து தெறிக்கவும் கூடும். அறுக்குமுன் உலோகம் கண்டறியும் கருவியால் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்ல அறுப்புக்காரரின் வழக்கம். கரிசல் மண் ஒட்டிய மரப்பட்டையையும் கழுவிவிட வேண்டும்; மண் போல ரம்பத்தை மழுக்குவது வேறில்லை.

★

பட்டாசு ஆலையில் பொறி வராதபடி பித்தளை, மரக் கருவிகள் வைத்து வேலை செய்கிறார்கள். எஞ்சினும் இரும்பு ரம்பமும் ஓடும் மில்லை அதன் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. காற்றில் மிதக்கும் மரத்தூளும் தீப்பட்டால் வெடிக்கும். மூச்சுக்கும் கேடு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் ஒரு பலகைகூட அறுக்காதீர்கள்.

★

தீப்பெட்டியையும் பட்டாசையும் சிவகாசியில் நிலைக்கச் செய்த அதே வறண்ட காற்று, பச்சைப் பலகையை முனையில் பிளந்துவிடும். அறுத்த அன்றே இரு முனைகளிலும் பெயிண்ட் பூசி, நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்க வேண்டும்.

★

சிவகாசி இருக்கும் இந்த மாவட்டத்தில் தட்டுப்பாடில்லாத மரம் ஒன்று உண்டென்றால் சீமைக் கருவேலம். திருச்சுழி, நரிக்குடி பக்கம் அது கரிமூட்டத்துக்குத்தான் போகிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஏக்கர் ஏக்கராக அகற்றியபோதும் பலகையாக்கலாம் என்று நினைத்தவர் குறைவு. காய்ந்தால் தேக்கைவிடக் குறைவாகவே சுருங்கும் மரம் அது. இதன் இனத்து மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸில் தரைப்பலகைக்கும் மேசைக்கும் விரும்பி வாங்குகிறார்கள். நம்மூர்த் தடி கோணல், குட்டை, உண்மைதான். ஆனாலும் நாலடி நேராகக் கிடைத்தால் நாற்காலிக் காலுக்கும் சன்னல் சட்டத்துக்கும் ஆகும். ஒரு தடியையாவது மூட்டத்தில் அடுக்குமுன் அறுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

★

பனையை நினைத்தவுடன் வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது.