நாள்தோறும் ஒரு சிறு திருத்தம்

தென்சென்னையைச் சார்ந்த பெருங்குடி ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக விளங்கியது. பின்னர்ப் பேரூராட்சியாகி, 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதன் அருகே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், நகரின் தென்பகுதிக் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு, சுமார் 225 ஏக்கர் பரப்பில் மேடு மேடாக உயர்ந்தது. 2022 ஏப்ரலில் அக்குப்பை தீப்பற்றி எரிய, சுற்றுவட்டாரத்து மக்கள் புகையால் பெரிதும் அல்லலுற்றனர். பழங்குப்பையைத் தோண்டி, உலர்த்தி, சலித்து, மண்ணையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் வெவ்வேறாகப் பிரித்து நிலத்தை மீட்க வகுத்த திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 350 கோடி ரூபாய்.

இம்மலையை உண்டாக்க வேண்டுமென்று எவரும் தீர்மானம் இயற்றவில்லை. அன்றன்று ஒரு வண்டி வந்தது, கொட்டிச் சென்றது. பிரிக்காத குப்பை ஒரு நாளைக்கு ஒரு சிறு பிழையே. பல ஆண்டுகள் கூடியபோது அது கோடிக்கணக்கில் விலை கேட்டது. இதே கணக்கு மறுபுறமாகவும் செல்லும். நாள்தோறும் செய்யும் சிறு திருத்தங்கள் சேர்ந்தால், பெருஞ்செலவில் வாங்க இயலாத பயனைத் தரும். இதனைத் திட்டமாகவே நடத்துவதற்குத் தொடர் மேம்பாடு என்று பெயர்.

இம்முறை தொழிற்சாலைகளில் உருப்பெற்றது. 1950-இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜப்பானுக்குச் சென்று, போரினால் நலிந்திருந்த அந்நாட்டுத் தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் விரிவுரைகள் ஆற்றினார். அவர் பெயரால் 1951-இல் ஒரு பரிசும் நிறுவப்பட்டது. திட்டமிடு, செய்து பார், சரிபார், பிறகு நிலைப்படுத்து என்பதே அவர் வழி வந்த முறையின் சாரம். நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. சென்னையை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998-ஆம் ஆண்டில் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனமொன்று அதனைப் பெற்றது அதுவே முதல் முறை.

தொழிற்சாலைக்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இவ்வினாவுக்கு விடை தந்துள்ளது. 1971 முதல் இயங்கி வரும் இவ்வாரியத்தில், 2004-ஆம் ஆண்டையொட்டி ஒரு மாற்ற முயற்சி தொடங்கிற்று. அதற்குக் ‘கூடம்’ என்று பெயரிட்டனர். நம் பழைய வீடுகளில் குடும்பத்தார் அனைவரும் கூடிப் பேசும் இடமல்லவா கூடம்? அதுபோலவே உயர் பொறியாளரும் கடைநிலை ஊழியரும் பதவி வேற்றுமையின்றி வட்டமாக அமர்ந்து, தம் பணியிலுள்ள குறைகளைத் தாமே எடுத்துரைத்தனர். பின்னர் கிராமங்களுக்குச் சென்று மக்களோடும் அவ்வாறே அமர்ந்தனர். புதிய திட்டம் போடுமுன் இருக்கின்ற திட்டத்தை ஒழுங்குபடுத்துவோம் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு விழா எடுக்கலாம். பழைய வால்வைப் பழுது பார்த்ததற்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. எனினும் ஊருக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் பின்னதே என்பது என் துணிபு.

ஓர் ஊராட்சி இதனை எவ்வாறு தொடங்கலாம்? எல்லாக் குறைகளையும் ஒருங்கே எடுத்துக்கொள்ள வேண்டா. ஒன்றைத் தேர்ந்துகொள்க. ஐந்நூறு பேர் வாழும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கே 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி உள்ளது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 27,500 லிட்டர் போதும். ஒரு முறை நிரப்பினாலே ஊருக்குப் போதுமானது. ஆனால் இரு முறை நிரப்பியும் கடைசித் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நிற்கின்றனர். அப்படியானால் மீதி நீர் எங்கே போகிறது?

இங்கேதான் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கடைசித் தெருக் குழாயில் நீர் வந்த நேரம், அங்கே நிறைந்த குடங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கை மட்டும் பதினைந்து நாள் எழுதி வருக. எழுதாத குறை வெறும் சச்சரவாக முடியும். எழுதிய குறை தானே காரணத்தைக் காட்டத் தொடங்கும். தொட்டி நிறைந்த பின்னும் அரை மணி நேரம் வழிந்தோடுவது தெரிய வரலாம். முதல் தெருவின் வால்வு முற்றும் மூடாமையும், மேட்டுத் தெருவில் இரண்டு குழாய்களுக்குத் திருகே இல்லாமையும் வெளிப்படலாம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் கொள்ளும். அரை மணி வீண் ஓட்டம் ஆண்டுக்கு 730 யூனிட்டாகும். அதனை ஊராட்சியின் பணத்திலிருந்து கட்டுகிறோம் என்பதை மறத்தலாகாது.

காரணங்களுள் ஒன்றை மட்டும் முதலில் திருத்துக. முதல் தெரு வால்வை மாற்றியபின், கடைசித் தெருவுக்கு முந்தி நீர் விட்டு ஒரு வாரம் பார்க்கலாம். பயன் உண்டாயின் அம்முறையைத் தொட்டித் தூணிலேயே எழுதி வைத்து வழக்கமாக்குக. பயனில்லையேல் பழைய முறைக்கே திரும்புவதில் வெட்கமில்லை. பிறகு அடுத்த காரணம். அது தீர்ந்தால் தெருவிளக்கு, அதன்பின் குப்பை. வீட்டிலேயே மட்கும் குப்பையைப் பிரித்துத் தரும் குடும்பங்கள் மாதந்தோறும் எத்தனை கூடின என்று தூய்மைக் காவலரே கணக்குச் சொல்லக்கூடும்.

இதில் பெரும்பாலோர் தவறுமிடம் ஒன்றுண்டு. குறை கண்டவுடன் ஆளைத் தேடுகிறோம். தொட்டி வழிந்தால் தொட்டி இயக்குபவரைத் திட்டுகிறோம். அடுத்த நாள் அவர் நோட்டில் சரியான நேரத்தை எழுதமாட்டார். நமக்குப் பிடித்த நேரத்தையே எழுதுவார். அத்தோடு முயற்சி பாழாயிற்று. அவரோ சொற்ப ஊதியத்திற்கு விடியற்காலையில் வருபவர். எந்த வால்வு எத்தனை சுற்று சுற்றினால் மூடும் என்பது ஊரில் அவர் ஒருவருக்கே தெரியும். ஆகவே முதலில் கருத்துக் கேட்க வேண்டியது அவரையே. ஜப்பானின் டொயோட்டா ஆலையில், பிழை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்துக் கார் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். பழுதை மறைப்பதற்கு அங்கே மதிப்பில்லை, காட்டிக்கொடுப்பதற்கே மதிப்பு. கடைசித் தெருவில் குடம் ஏந்தி நிற்கும் தாய்மாரும் இந்த ஆலோசனையில் இடம்பெற வேண்டும். நீர் வரவில்லை என்பதை முதலில் அறிபவர் அவர்களே அன்றோ?

நோட்டில் கண்ட விவரங்களைக் கிராம சபையில் படிக்க வேண்டும். முன்பு ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022 முதல் ஆறாக உயர்த்தப்பட்டன. மார்ச்சு 22-ஆம் நாளான உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1-ஆம் நாளான உள்ளாட்சி தினமும் சேர்க்கப்பட்டன. சென்ற கூட்டத்தில் இத்தனை குடம், இப்போது இத்தனை குடம் என்று இரண்டு எண்களைச் சொன்னால் போதும். நீண்ட சொற்பொழிவு தேவையில்லை. எண் குறைந்திருந்தாலும் மறைக்காமல் படித்துவிடுக.

ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டு. தேர்தலில் தலைவரும் உறுப்பினரும் மாறுவர். புதியவர்கள் மீண்டும் அடிப்படையிலிருந்து தொடங்குவர். நற்பணிகள் பல இவ்விடத்திலேயே அறுந்துபோகின்றன. பணப்பதிவேடு, தீர்மானப் பதிவேடு, சொத்துப் பதிவேடு ஆகியவற்றை ஒப்படைக்கும் பட்டியலில் இந்த நோட்டுப் புத்தகத்தையும் ஊராட்சிச் செயலர் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்வாராக.